அசையாத காசுக்கு ஒரு விலை

கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்தியிலிருந்து டிப்போச் சந்தி வரை ஏ9 வீதியால் நடந்து பாருங்கள். இலங்கை வங்கி, மக்கள் வங்கி, தேசிய சேமிப்பு வங்கி, கொமர்ஷல், ஹற்றன் நஷனல் என்று வங்கிகள் வரிசைகட்டி நிற்கும். இத்தனை ரூபா மீதி இருந்தால் பிள்ளைக்குப் புத்தகப்பை, அதற்கு மேல் என்றால் கூடுதல் வட்டி, இன்னும் மேல் என்றால் சீட்டிழுப்பில் இடம், வரிசையில் நிற்காமல் தனி மேசையில் கவனிப்பு என்று விதவிதமான அழைப்புகள். சதக் கணக்குக்கூடப் பிசகாமல் பார்க்கும் ஒரு நிறுவனம் ஏன் இப்படி வாரி வழங்குகிறது?

இந்தக் கேள்விக்குள் இன்னொரு புதிர் ஒளிந்திருக்கிறது. 20,000 ரூபா வைத்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு வங்கி பரிசு கொடுக்கிறது. மாதம் 50 இலட்சம் ரூபா தன் கணக்கினூடாக ஓடவிடும் நெல் வியாபாரிக்கு வருட முடிவில் ஒரு கலண்டர்தான். பெரிய தொகைக்குத்தான் பரிசு என்றால் இது நேர்மாறாக அல்லவா இருக்கவேண்டும்?

முதலில் வங்கியின் அடிப்படை வியாபாரத்தைப் பார்ப்போம். உங்களிடம் 3 சதவீத வட்டிக்குக் காசு வாங்கி இன்னொருவருக்கு 11 சதவீதத்துக்குக் கடன் கொடுத்தால் இடையில் 8 சதவீதம் நிற்கிறது. வாராக்கடன், சம்பளம், வாடகை எல்லாம் கழிந்தபின் 4 சதவீதம் எஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 ரூபா மீதியுள்ள கணக்கு வருடத்துக்கு 40 ரூபா தரும். 10 இலட்சம் உள்ள கணக்கு 40,000 ரூபா தரும். ஆனால் பாஸ்புக், கணினிப் பதிவு, அடையாள அட்டைச் சரிபார்ப்பு, காசாளரின் நேரம் என்று இரண்டு கணக்குக்கும் ஆகும் செலவு ஏறத்தாழ ஒன்றே. பெரிய மீதி மீது வங்கிக்கு உள்ள ஆசையின் முதற் காரணம் இந்தக் கணக்குத்தான்.

அப்படியானால் 50 இலட்சம் ஓடவிடும் வியாபாரியை ஏன் கொண்டாடவில்லை? விடை இரணைமடுவில் இருக்கிறது. மார்கழி மழையில் குளம் வான் பாயும்போது பார்க்கச் சனம் திரளும். ஆனால் எத்தனை ஏக்கரில் சிறுபோகம் செய்யலாம் என்று முடிவெடுக்கும் கூட்டத்தில், வான் வழியே பாய்ந்தோடிய நீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மழை ஓய்ந்தபின் குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. வங்கியும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. வியாபாரியின் 50 இலட்சம் காலையில் வந்து மாலையில் போகிறது. பிள்ளையின் 20,000 பத்து வருடம் அசையாமல் நிற்கிறது. வங்கி விலை கொடுத்து வாங்குவது தொகையை மட்டுமல்ல, தொகையின் அசையாமையையும்தான். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் வங்கிப் பரிசுகளின் விதிகள் பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும்.

அசையாமை ஏன் இவ்வளவு அருமையானது? சேமிப்புக் கணக்கில் உள்ள காசை நீங்கள் எந்த நேரமும் எடுக்கலாம். அந்தக் காசைக் கொண்டு வங்கி கொடுத்த வீட்டுக் கடனோ 15 வருடத்தில்தான் திரும்பி வரும். இன்றே கேட்கப்படக்கூடிய காசைக் கொண்டு 15 வருடக் கடன் கொடுப்பது கயிற்றில் நடக்கிற வேலை. ஆயினும் நடக்கிறது. காரணம், எல்லோரும் ஒரே நாளில் எடுக்க வருவதில்லை. ஆயிரம் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால், ஒருவர் எடுக்கும்போது இன்னொருவர் போடுவார். தனித்தனியே துள்ளும் கணக்குகள் ஒன்றுசேரும்போது அமைதியடைகின்றன. எப்போதும் எடுக்கலாம், ஆனால் எடுக்கப்படாமல் கிடக்கிறது என்ற இந்தப் பகுதியை அடித்தள வைப்பு எனலாம். வங்கிக்கு அதுவே மூலபலம்.

வன்னியில் இந்த அமைதி அவ்வளவு இலகுவில் கிடைப்பதில்லை. பரந்தனிலும் முரசுமோட்டையிலும் வவுனிக்குளத்திலும் காலபோக அறுவடை மாசி, பங்குனியில் முடிகிறது. நெல் விற்ற காசு ஏறத்தாழ ஒரே நேரத்தில் கணக்குகளில் ஏறும். ஐப்பசியில் உழவு, விதைநெல், பசளை என்று எல்லோரும் ஒன்றாகவே எடுப்பார்கள். ஆயிரம் கணக்கு இருந்தாலும் அவை ஒரே மழையைப் பார்த்து அசைகின்றன. அப்படியானால் ஒரு கிளை எப்படிச் சமாளிக்கிறது? அது தனிக் கிளை அல்ல என்பதால்தான். கொழும்பின் மாதச் சம்பளம், மலையகத்தின் தேயிலை, நீர்கொழும்பின் மீன், வெளிநாட்டிலிருந்து வரும் பணம் என்று வேறு வேறு தாளத்தில் அசையும் காசுகள் ஒரே வங்கிக்குள் கலக்கின்றன. கிளிநொச்சி விவசாயி ஐப்பசியில் எடுக்கும் காசை ஹற்றனில் யாரோ போட்ட காசு ஈடுசெய்கிறது. இருவரும் ஒருவரையொருவர் ஒருநாளும் கண்டதில்லை.

இனிப் பரிசு விளம்பரத்தின் கீழே பொடி எழுத்தில் உள்ள நிபந்தனைகளுக்கு வருவோம். "மீதி" என்ற ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு எண்கள் இருக்கின்றன. 30 நாள் கொண்ட ஒரு மாதத்தில் ஒரு விவசாயியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். முதல் 4 நாள் 10,000 ரூபா. ஐந்தாம் நாள் நெல்லுக்காசு 6 இலட்சம் விழுகிறது, மீதி 610,000. இருபது நாள் அப்படியே நிற்கிறது. பிறகு உழவு இயந்திரத்தின் லீசிங் கட்டணமும் கடைக் கடனும் கட்ட 360,000 எடுக்கிறார். கடைசி 6 நாள் 250,000. இவருடைய மீதி எவ்வளவு?

உச்ச மீதி 610,000. மாத முடிவு மீதி 250,000. ஆகக் குறைந்த மீதி 10,000. முப்பது நாளையும் கூட்டிப் பிரித்தால் வரும் சராசரி மீதி 458,000. ஒரே மனிதர், ஒரே மாதம், நான்கு எண்கள். "5 இலட்சம் மீதி உள்ளவர்களுக்குப் பரிசு" என்று விளம்பரம் சொல்லும்போது எந்த எண்ணைப் பார்க்கிறார்கள் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உச்ச மீதியைப் பார்த்தால் இவர் வென்றார். சராசரியைப் பார்த்தால் 42,000 ரூபாவால் தவறவிட்டார். குறைந்த மீதியைப் பார்த்தால் வாசற்படிக்கே வரவில்லை. பரிசுத் திட்டங்கள் குறைந்த மீதியையோ சராசரியையோ விரும்புவது ஏன் என்று இப்போது தெரிகிறது அல்லவா? வங்கி விலை கொடுக்க நினைக்கும் அசையாமையை அளப்பவை அந்த இரண்டும்தான்.

வட்டியிலும் இதே வித்தியாசம்தான். பெரும்பாலான சேமிப்புக் கணக்குகளில் இன்று அன்றாட மீதிக்கு வட்டி கணக்கிடப்படுகிறது. 3 சதவீதம் என்றால் நம் விவசாயிக்கு அந்த மாதம் சுமார் 1,129 ரூபா. மாதத்தின் ஆகக் குறைந்த மீதிக்கு மட்டும் வட்டி என்ற முறை இருந்தால் அவருக்குக் கிடைப்பது 25 ரூபாவுக்கும் குறைவு. வட்டி வீதம் ஒன்றே, காசும் ஒன்றே. அளக்கும் முறை மாறியதும் வருமானம் நாற்பத்தைந்து மடங்கு வேறுபடுகிறது. வீதத்தைக் கேட்கும் நாம் அளக்கும் முறையைக் கேட்பதில்லை.

அடுத்த அதிசயம் படிமுறை வட்டி, அதாவது மீதி ஏற ஏற வீதமும் ஏறுவது. இதில் இரண்டு சாதிகள் உண்டு. ஓர் இலட்சம் வரை 3 சதவீதம், அங்கிருந்து 5 இலட்சம் வரை 3.5, அதற்கு மேல் 4.25 என்று ஒரு திட்டம் இருப்பதாகக் கொள்வோம். முதற் சாதியில் ஒவ்வொரு துண்டுக்கும் அதற்குரிய வீதம். 5 இலட்சத்துக்கு மேலே நீங்கள் போடும் அடுத்த ஒரு ரூபா வருடத்துக்கு 4.25 சதம் தரும். அவ்வளவுதான். இரண்டாம் சாதியில் எல்லையைத் தாண்டியதும் முழுத் தொகைக்கும் புதிய வீதம். 5 இலட்சத்துக்குச் சற்றுக் கீழே நின்றால் வருட வட்டி 17,500. எல்லையைத் தாண்டிவிட்டால் 21,250. கடைசியாகப் போட்ட ஒரே ஒரு ரூபா 3,750 ரூபாவை இழுத்து வருகிறது! மறுபக்கம், எல்லைக்குச் சற்று மேலே நிற்பவர் ஏரிஎம்மில் 1,000 ரூபா எடுத்தால், எடுத்து வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த மேல் வீதத்தை முழுத் தொகைக்கும் இழக்கிறார். காசை எடுக்கக் கை கூசவேண்டும் என்பதற்காகவே கட்டிய படி இது.

இப்போது பரிசை வட்டியாக மாற்றிப் பார்ப்போம். "5 இலட்சம் புதிதாக வைத்தால் 5,000 ரூபா பரிசு" என்கிறது ஒரு திட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 1 சதவீதம். மூன்று மாதம் வைத்தாற் போதும் என்றால், வருடக் கணக்கில் அது 4 சதவீதத்துக்குச் சமம், நல்ல கூலி. ஆறு மாதம் என்றால் 2 சதவீதம். ஒரு வருடம் என்றால் வெறும் 1 சதவீதம். பரிசு அதேதான். காத்திருக்கும் காலம் நீள நீள அது உருகிக்கொண்டே போகிறது. "புதிய பணம்" என்ற நிபந்தனையும் சும்மா வந்ததல்ல. ஏற்கெனவே அதே வங்கியில் உள்ள காசுக்குப் பரிசு கொடுத்தால் வங்கிக்கு ஒரு சதமும் கூடாது. அதனால்தான் பத்து வருடமாகக் கணக்கு வைத்திருக்கும் பழைய வாடிக்கையாளருக்கு ஒன்றுமில்லாமல், நேற்று வந்தவருக்குக் கவனிப்பு நடக்கிறது.

வட்டிக்குப் பதிலாகப் பொருள் கொடுக்கும் இந்தக் கலை அமெரிக்காவில் செழித்தது ஒரு சட்டத்தால். 1933 ஆம் ஆண்டின் வங்கிச் சட்டம் நடைமுறைக் கணக்குகளுக்கு வட்டி கொடுப்பதைத் தடுத்தது. சேமிப்புக் கணக்கின் வட்டிக்கும் உச்சவரம்பு போடப்பட்டது. வட்டியால் போட்டிபோட முடியாத வங்கிகள் பாண் வாட்டும் டோஸ்டரையும் கம்பளியையும் பீங்கான் தட்டுகளையும் கொடுத்துப் போட்டிபோட்டன. கணக்குத் திறக்கப் போனவர் டோஸ்டரோடு வீடு திரும்பினார். அதைக் கண்ட அதிகாரிகள் பரிசின் பெறுமதிக்கும் ஒரு வரம்பு போட்டார்கள். சேமிப்பு வட்டி வரம்புகள் 1986 இல் முற்றாக நீங்கின. ஆனால் பரிசுப் பழக்கம் போகவில்லை. 5 சதவீத வட்டி என்ற எண் மனதில் நிற்காது, கையில் ஏந்தி வந்த பொருள் நிற்கும் என்பதை வங்கிகள் அதற்குள் கற்றுவிட்டன.

நம் நாட்டில் அந்தப் பாடத்தின் மிகச் சிறந்த மாணவர்கள் சிறுவர் கணக்குகள். இலங்கை வங்கியின் ரண் கெகுலு, மக்கள் வங்கியின் இசுறு உதான, செலானின் டிகிரி, ஹற்றன் நஷனலின் சிங்கிதி, கொமர்ஷலின் அருணலு என்று எந்த வங்கியை எடுத்தாலும் ஒன்று இருக்கும். மீதி ஏற ஏறப் பரிசும் ஏறும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் சித்தியடைந்தால் தனிப் பரிசு. ஏன் இவ்வளவு பாசம்? பிள்ளையின் பெயரில் உள்ள காசை 18 வயது வரை பொதுவாக எடுக்க முடியாது. பிறந்த குழந்தைக்குத் திறந்த கணக்கு என்றால் 18 வருடம் அசையாத காசு! வங்கி எவ்வளவு வட்டி கொடுத்தும் ஒரு பெரியவரிடம் அப்படி ஒரு வாக்குறுதியை வாங்க முடியாது. ஒரு புத்தகப்பைக்கு அது கிடைக்கிறது. கூடவே எதிர்காலத்தில் சம்பளக் கணக்கு, லீசிங், வீட்டுக் கடன் எல்லாவற்றுக்கும் வரப்போகும் ஒரு வாடிக்கையாளரும் கிடைக்கிறார். நாம் தொடக்கத்தில் கண்ட புதிர் இங்கே அவிழ்கிறது.

சீட்டிழுப்புக் கணக்கின் சூட்சுமம் இன்னும் அழகானது. ஒரு வங்கியில் 2 இலட்சம் பேர் தலைக்குச் சராசரி 50,000 ரூபா வைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 1,000 கோடி. ஒவ்வொருவருக்கும் வட்டியில் 1 சதவீதத்தைக் குறைத்தால் வருடத்துக்கு 10 கோடி ரூபா சேர்கிறது. அந்தக் காசில் கார், வீடு, தங்கம் என்று பரிசு போடலாம். வங்கிக்குக் கைக்காசு செலவில்லை. ஒவ்வொரு 5,000 ரூபாவுக்கும் ஒரு வாய்ப்பு என்றால் மொத்தம் 20 இலட்சம் வாய்ப்புகள். 10 கோடியை அதனால் பிரித்தால் ஒரு வாய்ப்பின் சராசரிப் பெறுமதி வருடத்துக்கு 50 ரூபா. 5,000 ரூபாவின் 1 சதவீதமும் அதே 50 ரூபாதான். நிச்சயமான 50 ரூபாவைக் கொடுத்துவிட்டு, பெரும்பாலும் பூச்சியமாகவும் எப்போதாவது காராகவும் இருக்கும் 50 ரூபாவை வாங்குகிறீர்கள். லொத்தர்ச் சீட்டோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். லொத்தரில் தோற்றால் போட்ட காசும் போய்விடும். இங்கே முதல் அப்படியே இருக்கும்.

இந்த யோசனையை ஒரு நாடே கையில் எடுத்த கதையும் உண்டு. பிரித்தானிய அரசு 1956 இல் பிரீமியம் பொண்ட் என்ற கடன் பத்திரத்தை வெளியிட்டது. அதற்கு வட்டியே இல்லை, சீட்டிழுப்பு மட்டும்தான். முதல் சீட்டிழுப்பு 1957 ஆனியில் நடந்தது. வெற்றி எண்களைத் தேர்ந்தது ஏர்னி என்ற இயந்திரம். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரின் இரகசியச் செய்திகளை உடைக்க கொலோசஸ் கணினியைக் கட்டிய அஞ்சல் துறைப் பொறியியலாளர்களின் வழிவந்த கைவேலை அது. நியோன் வாயுக் குழாய்க்குள் மின்சாரம் ஓடும்போது எழும் ஒழுங்கற்ற இரைச்சலைக் கேட்டு அது எண்களை உருவாக்கியது. இன்றைய ஐந்தாம் ஏர்னி ஒளியின் குவாண்டம் இயல்பைப் பயன்படுத்துகிறது. இலண்டனில் உள்ள உறவுகளிடம் கேட்டுப் பாருங்கள், பேரப்பிள்ளைக்கு இந்தப் பத்திரம் வாங்கி வைத்தவர்கள் இருக்கக்கூடும்.

இதுவரை பெரிய மீதி என்றால் வங்கிக்குக் கொண்டாட்டம் என்றே பேசினோம். ஆனால் வங்கி உள்ளூரப் பயப்படுவதும் பெரிய மீதிக்குத்தான். இலங்கையில் வைப்புக் காப்புறுதித் திட்டம் 2010 இல் தொடங்கியது. ஒரு நிறுவனம் முறிந்தால் ஒரு வைப்பாளருக்கு 2 இலட்சம் வரை என்றிருந்த பாதுகாப்பு படிப்படியாக ஏறி 2021 முதல் 11 இலட்சம் ஆகியிருக்கிறது. ஒரே வங்கியில் நான்கு கணக்கு இருந்தாலும் எல்லாம் சேர்த்து 11 இலட்சம்தான். அதற்குக் கீழே உள்ளவர் வங்கி பற்றிக் கெட்ட செய்தி வந்தாலும் ஓடி வரத் தேவையில்லை. 50 இலட்சம் வைத்திருப்பவர் முதல் ஆளாக ஓடி வருவார்.

உலக வங்கிகளுக்கான பாசல் விதிகள் இந்த ஓட்டத்துக்கும் கணக்கு வைத்திருக்கின்றன. அடுத்த 30 நாளில் நெருக்கடி வந்தால் எவ்வளவு காசு வெளியே ஓடும் என்று மதிப்பிட்டு, அதை உடனே கொடுக்கக்கூடிய சொத்தை வங்கி கையில் வைத்திருக்கவேண்டும். இதைத் திரவத்தன்மைக் காப்பு விகிதம் எனலாம். காப்புறுதி உள்ள, வாடிக்கையான வைப்பில் 5 சதவீதம் ஓடும். காப்புறுதி இல்லாத பகுதியில் குறைந்தது 10 சதவீதம் ஓடும். அந்தக் கணக்கில் தலா ஓர் இலட்சம் வைத்திருக்கும் 50 பேருக்காக வங்கி 250,000 ரூபாவைத் தயாராக வைத்தாற் போதும். தனி ஒருவரின் 50 இலட்சத்துக்கோ 445,000 தேவை. அதே தொகைதான், ஆனால் ஏறத்தாழ இரட்டிப்புப் பயம். பெரிய வாடிக்கையாளருக்குத் தனி மேசை, பெயர் தெரிந்த உத்தியோகத்தர், லொக்கர், கட்டணமில்லாத அட்டை என்று கொடுப்பதன் உட்பொருள் இதுதான். ஒவ்வொரு வசதியும் ஒரு முடிச்சு. முடிச்சுகள் கூடக்கூட வேறு வங்கிக்குப் போவது சிரமமாகும்.

காப்புறுதி என்ற சொல்லின் அருமை வன்னிக்குத் தெரிந்த அளவு வேறிடத்தில் தெரியாது. விடுதலைப் புலிகள் 1994 இல் தொடங்கிய தமிழீழ வைப்பகம் சேமிப்புக்கு வட்டி கொடுத்தது, நகை அடகும் பிடித்தது. 2009 இல் போரோடு அது இல்லாமற் போனது. அங்கே வைத்த காசுக்கும் நகைக்கும் பதில் சொல்ல எந்தக் காப்புறுதி நிதியமும் இருக்கவில்லை. அதே வருடம் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களுக்குள்ளேயே இலங்கை வங்கியும் மக்கள் வங்கியும் சேவை தொடங்கின. இடம்பெயர்ந்து வந்த சனம் உடம்போடு கட்டிக் கொண்டுவந்த காசை அங்கே வைப்பில் போட்டது. அன்று யாரும் பரிசு கேட்கவில்லை, காசு பத்திரமாக இருந்தாற் போதும் என்றிருந்தது. தெற்கிலும் பாடம் உண்டு. கூடுதல் வட்டி கொடுத்த பழம்பெரும் த பினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரத்தை மத்திய வங்கி 2020 வைகாசியில் இரத்துச் செய்தபோது, காப்புறுதி அன்றைய எல்லையான 6 இலட்சத்தோடு நின்றது.

அசையாமைக்கு விலை கொடுக்கும் வித்தையை அரசும் கையாண்டது. கொரோனாக் காலத்தில் டொலர் வரத்துக் குறைந்தபோது, 2020 சித்திரையில் விசேட வைப்புக் கணக்கு அறிமுகமானது. வெளிநாட்டுப் பணத்தை ஆறு மாதம் வைத்தால் வழக்கமான வட்டிக்கு மேல் 1 சதவீதப் புள்ளி, பன்னிரண்டு மாதம் என்றால் 2. காலம் இரட்டித்தால் பரிசும் இரட்டிப்பு. கனடாவிலும் சுவிசிலும் உள்ள உறவுகளை மனதில் வைத்து எழுதியது போன்ற திட்டம். 2021 மார்கழியில் இன்னொன்று வந்தது. வெளிநாட்டில் உழைப்பவர் வங்கி வழியாக அனுப்பும் ஒவ்வொரு டொலருக்கும் மேலதிகமாக மொத்தம் 10 ரூபா. ஆனால் உத்தியோகபூர்வ விலைக்கும் உண்டியல்காரர் கொடுத்த விலைக்கும் இடைவெளி அதைவிடப் பெரிதாக இருந்தது. 2020 இல் 710 கோடி டொலராக இருந்த தொழிலாளர் பணவரவு 2021 இல் சுமார் 550 கோடிக்கும், 2022 இல் சுமார் 380 கோடிக்கும் இறங்கியது. ரூபாவை மிதக்கவிட்டு அந்த இடைவெளி மூடப்பட்டபின், 2023 இல் அது ஏறத்தாழ 600 கோடிக்குத் திரும்பியது. விலை பிழையாக இருக்கும்போது பரிசு அதைத் திருத்தாது.

2022 இன்னொன்றையும் காட்டியது. அந்தப் புரட்டாதியில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்தில் 69.8 சதவீதம் ஏறியிருந்தது. ஒரு வருடத்துக்கு முன் ஓர் இலட்சத்தை 5 சதவீதச் சேமிப்பில் வைத்தவரின் கையில் 105,000 ரூபா இருந்தது. அதைக்கொண்டு வாங்கக்கூடியதோ முந்தைய வருடத்தின் 62,000 ரூபாவுக்கான சாமான். எந்தப் புத்தகப்பையும் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. வட்டியோடு விலைவாசியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவருக்குப் பரிசின் உண்மையான பெறுமதி தெரியாது.

வரியும் ஒரு கை வைக்கிறது. 2025 சித்திரை 1 முதல் வட்டியில் 10 சதவீதம் வங்கியிலேயே கழிக்கப்படுகிறது. வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர் சுயபிரகடனம் கொடுத்து அந்தக் கழிவைத் தவிர்க்கலாம். வன்னியில் பலருக்கு இது பொருந்தும். அந்த ஒரு தாளை நிரப்பிக் கொடுப்பது பல பரிசுகளைவிடப் பெறுமதியானது.

இனி நம் விவசாயியின் பக்கம் நின்று கணக்குப் போடுவோம். பங்குனியில் நெல்லுக்காசு வந்து கடன் எல்லாம் கட்டியபின் அவரிடம் 4 இலட்சம் மிஞ்சுகிறது என்று வைப்போம். அடுத்த விதைப்பு ஐப்பசியில். நடுவில் ஆறு மாதத்துக்குக் குறையாது. 3 சதவீதச் சேமிப்பில் வைத்தால் அந்த ஆறு மாதத்துக்கு 6,000 ரூபா வட்டியும், தகுதி பெற்றால் ஒரு பரிசும். 7.5 சதவீத ஆறு மாத நிலையான வைப்பில் போட்டால் 15,000 ரூபா. ஆகவே பரிசு 9,000 ரூபாவுக்கு மேல் பெறுமதி இல்லாவிட்டால் அது நட்டக் கணக்கு. நிலையான வைப்பும் அதே அசையாமைக்கான கூலிதான். விளம்பரமும் நாடாவும் இல்லாமல், காசாகவே தருகிறார்கள்.

இதையும் வெல்லும் ஒன்று பல வீடுகளில் இருக்கிறது. போன விதைப்புக்கு மனைவியின் நகையை அடகு வைத்து எடுத்த 4 இலட்சம் 13 சதவீத வட்டியில் ஓடிக்கொண்டிருந்தால், அதை மீட்பதால் ஆறு மாதத்தில் மிச்சமாவது 26,000 ரூபா. அடகில் நகை இருக்க, பக்கத்துக் கவுண்டரில் அதே தொகையைப் பரிசுக்காகச் சேமிப்பில் வைத்திருப்பவர், வங்கியிடம் 3 சதவீதத்துக்குக் கொடுத்து அதே வங்கியிடம் 13 சதவீதத்துக்குத் திரும்ப வாங்குகிறார். பாஸ்புக்கையும் அடகுத் துண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாலன்றி இது கண்ணில் படாது.

ஆகவே பரிசுத் திட்டம் ஒன்றோடு உத்தியோகத்தர் வந்தால் கேட்கவேண்டியவை நான்கே. எந்த மீதியைப் பார்ப்பீர்கள், குறைந்ததா, சராசரியா, மாத முடிவா? எத்தனை நாள் அசையாமல் இருக்கவேண்டும்? இடையில் எடுத்தால் என்ன போகும்? இதே காசை இதே காலத்துக்கு நிலையான வைப்பில் போட்டால் எவ்வளவு? நான்காவது பதிலிலிருந்து சேமிப்பு வட்டியைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அந்தப் பரிசுக்கு நீங்கள் கொடுக்கும் விலை. கட்டுப்படியானால் வாங்குங்கள். வங்கி உங்களிடம் கேட்பது உங்கள் காசின் ஓய்வு. அதன் விலையை நிர்ணயிப்பதில் உங்களுக்கும் ஒரு பேச்சு உண்டு.